மாவு மில் நாயின் படம்

இந்தக் கதையில் நயினார் இத்தனை வருஷமாக நம்பாமல் வைத்திருப்பது ஒரே ஓர் இடத்தைத்தான். ஆவரங்குளம் அன்னபாக்கியம் டாக்கீஸில் ஓர் ஆடி மாதம் தொடங்கி ஐப்பசி அடைமழை வரைக்கும், எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் படச்சுருளை எடுத்து மாட்டினாலும், அவர் வீட்டு நாய் அந்த நிமிஷத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ அதுவே திரையில் ஓடியது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அதை அவரே பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், ஊரே பார்த்திருக்கிறது, பார்த்ததைச் சந்தேகப்படுவதற்கு அவர் ஒன்றும் படித்த மேதாவி இல்லை. அவர் நம்பாதது கடைசி நாள் ஆட்டத்தை. அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவருடைய அப்பா சுயம்புலிங்கம் உயிர் போவதற்கு முன்னால் நாயின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, "வக்கீலே, நயினாரக் கூப்பிடு" என்று சொன்னதாக அவருடைய தங்கை ஆவுடை சொல்கிறாள். நயினார் என்ற பெயரை அப்பா வாயால் கேட்டு அப்போதே வருஷக்கணக்கு ஆகியிருந்தது. ஆகவே அந்த ஒரு வரி உண்மையா, துக்க வீட்டில் ஆறுதலுக்காக உண்டாக்கினதா என்பது தெரியாமல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் அவர் சோற்றில் கை வைத்தபடி யோசித்துக்கொண்டே இருந்துவிடுகிற மனிதராக ஆகிப்போனார்.

சண்டை மிளகாயில் ஆரம்பித்தது. சுயம்புலிங்கத்தின் மாவு மில்லில் இரண்டு மிஷின் உண்டு. ஒன்று மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு, மற்றது அரிசி, கோதுமை, கேப்பைக்கு. ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின தினம் கல்யாண வீட்டு முறுக்குக்கு வந்த பச்சரிசியை யாரோ மிளகாய் மிஷினில் கொட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் முறுக்கைக் கடித்துக் கண்ணீர் விட்டதைப் பார்த்து, பெண்ணைப் பெற்றவர்கள் அது பாசம் என்று நினைத்துத் தாங்களும் கொஞ்சம் அழுதார்கள். உண்மை தெரிந்ததும் மில்லுக்கு வந்து சத்தம் போட்டார்கள். மில்லில் இருந்தது அப்பாவும் மகனும் மட்டும்தான். அவர்தான் கொட்டினார் என்று மகன் சொன்னார், இவன்தான் என்று அப்பா சொன்னார். வந்தவர்கள் முன்னிலையில் சுயம்புலிங்கம், "எனக்குப் பொறந்தவனா இருந்தா ரெண்டு மிஷினுக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருக்கும்" என்றார். நயினார் மோட்டாரை நிறுத்திவிட்டு, கையில் இருந்த சல்லடையை அப்படியே கீழே போட்டுவிட்டு வெளியே போனார். மறுநாள் காலையில் வேலைக்கு வந்துவிட்டார், வேறு எங்கே போவது? ஆனால் அன்றிலிருந்து இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. பேச வேண்டியதை நாயிடம் பேசினார்கள்.

அது சாம்பல் நிற நாட்டு நாய். ஒரு காது மடங்கியிருக்கும். இரண்டு பேர் குரல் உயர்ந்தால் நடுவில் வந்து நின்று குரைக்கும் என்பதால், குட்டியிலேயே நயினாரின் அம்மா அதற்கு வக்கீல் என்று பெயர் வைத்துவிட்டு, கொஞ்ச காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"வக்கீலே, மேலத்தெரு கேப்பை அரைச்சாச்சான்னு அந்த ஆளுகிட்ட கேளு."

"வக்கீலே, கண்ணு இருந்தா மூடையத் தொறந்து பாக்கச் சொல்லு."

"வக்கீலே, நாக்கு ரொம்ப நீளுதுன்னு சொல்லு."

"வக்கீலே, அது குடும்பத்து நாக்குன்னு சொல்லு."

நாய் ஒவ்வொரு தடவையும் பேசுகிறவர் பக்கம் தலையைத் திருப்பும், முடிந்ததும் பதில் சொல்ல வேண்டியவர் பக்கம் திருப்பும். இதற்கு நடுவில் ஆவுடை, மில்லை ஒட்டியிருந்த வீட்டு அடுப்படியிலிருந்து சோறு கொண்டுவந்து வைப்பாள். அவளிடம் சுயம்புலிங்கம் நேராகவே பேசுவார். ஆனால் பெண்பிள்ளைக்கு முகம் காட்டிப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டோ, மிஷினைப் பார்த்துக்கொண்டோ, "ரசத்துல உப்பு கூட" என்பார். ஆவுடைக்கு அப்பாவின் முதுகுதான் நன்றாகத் தெரியும். பனியனில் எங்கே கிழிசல், கழுத்தில் எத்தனை மரு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

இப்படிப்பட்ட வீட்டின் நாய்தான் அந்த ஆடி வெள்ளிக்கிழமை மத்தியான ஆட்டத்தில் திரைக்கு வந்தது. ஆபரேட்டர் லாசர் மாட்டியது ஒரு சாமி படம். விளக்கு அணைந்து, ஊதுவத்திப் புகை அடங்கி, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தபோது திரையில் இரண்டு பெரிய மாவு படிந்த கால்கள் வந்தன. பக்கத்தில் ஒரு வாளியின் விளிம்பு. அதற்கு அப்பால் மோட்டாரின் பெல்ட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ விளம்பரம் என்று கொஞ்ச நேரம் பொறுத்திருந்தார்கள். தரை டிக்கெட்டில் ஒருவர், பெருவிரல் கோணியிருந்ததை வைத்து, "ஏ, இது நம்ம சுயம்பு அண்ணாச்சி காலுல்லா" என்றார். அப்போது அந்தக் கால்களுக்கு மேலே இருந்து சுயம்புலிங்கத்தின் முகம் இறங்கி வந்து, கொட்டகை முழுவதையும் நேராகப் பார்த்து, "வக்கீலே, அந்த ஆளு சாப்பிட்டாச்சான்னு கேளு" என்றது. கொட்டகையிலிருந்து ஒரு குரல், "இன்னும் இல்ல அண்ணாச்சி!" என்றது. எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

லாசர் சுருளைக் கழற்றி பல்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் சாமிகள் கதாயுதமும் வில்லுமாகச் சின்னச் சின்னதாக ஒழுங்காக நின்றுகொண்டிருந்தார்கள். திரும்ப மாட்டினார், மில். வேறு சுருளை மாட்டினார். மில், இப்போது ஒரு பல்லி. சுருளே மாட்டாமல் விட்டால் வெறும் வெள்ளைத் துணி. ஆகவே சுருள் வேண்டும், எந்தச் சுருளாக இருந்தாலும் சரி என்று அவருக்குப் புரிந்தது. அதற்கு மேல் அவர் புரிந்துகொள்ள முயற்சி செய்யவில்லை. அவருக்கு அடுத்த ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

ஊர் இதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. நாய் காதைச் சொறிந்து திரை குலுங்கினால் அதுதான் இடைவேளை. முறுக்குத் தட்டும் சோடாவும் உள்ளே வந்துவிடும். நாய் தூங்கினால் திரை இருட்டாகிவிடும், அப்போது சனங்கள் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் பக்கத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்தார்கள், யாராவது பிள்ளை அழுதால், "சத்தம் போடாத, நாய் முழிச்சிரப் போவுது" என்று அதட்டினார்கள். நாய் படுத்திருந்தது மூன்று தெரு தாண்டி மில்லில். கொட்டகைச் சத்தம் அதற்குக் கேட்காது என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியவர்களும் மரியாதைக்காகத் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். டீக்கடையில் விமர்சனம் நடந்தது. "கதை ரொம்ப மெதுவா நகருது, சண்டையே இல்ல" என்றார் ஒருவர். "நேத்து அந்தப் பன்னி கூட நடந்துச்சே, அதைவிட என்னவே சண்டை வேணும் உமக்கு?" என்றார் மற்றவர். தாலுகா ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்து படத்துக்குத் தணிக்கை ஆகியிருக்கிறதா, தயாரிப்பாளர் யார் என்று கேட்டார். பார்த்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று உட்காரவைத்தார்கள். அன்றைக்குத் திரையில் சுயம்புலிங்கம், மகன் குடித்துவிட்டு வைத்த டம்ளரில் ஈ விழாமல் மேலே ஒரு தட்டை மூடிவிட்டு, அதைத் தான் செய்யவில்லை என்பது போலத் தள்ளிப்போய் நின்றார். அதிகாரி மூக்கைச் சிந்திக்கொண்டு, ஒன்றும் எழுதாமல் பஸ் ஏறிப் போனார்.

தரை டிக்கெட்டுக்காரர்கள் மகன் கட்சி, பெஞ்சுக்காரர்கள் அப்பன் கட்சி. பெண்கள் நாயின் கட்சி. மில்லுக்கு மாவு அரைக்க வருகிறவர்கள் பவுடர் போட்டு, பூ வைத்து, ஒரு படி கம்புக்குப் பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு வந்தார்கள். வந்ததும் நாய் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாக நின்றார்கள். பிறகு ஒரு மாமியார், மருமகள் மத்தியான ஆட்டத்துக்குப் போயிருக்கிறாள் என்று தெரிந்து, நேரே மில்லுக்கு வந்து நாயின் முன்னால் குத்தவைத்து, "வக்கீலே, அடுப்புல பாலை வச்சிட்டுப் படத்துக்குப் போனா பால் என்ன ஆகும்னு எங்க வீட்டு மகராசிகிட்டச் சொல்லு" என்றாள். கொட்டகையில் மருமகள் எழுந்து ஓடினாள். அதன் பின்பு, பேசாமல் போன அத்தனை பேரும் வர ஆரம்பித்தார்கள். பங்காளிகள், சம்பந்திகள், பேச்சு வார்த்தை நின்றுபோன கூட்டாளிகள், நாயின் முன்னால் வரிசையாக நின்று அவரவர் மனத்தாங்கலைச் சொல்லிவிட்டு ஒரு கை கம்பு மாவோடு போனார்கள். எத்தனையோ வீட்டில் சமாதானம் ஆனது. நாய் இருந்த வீட்டில் மட்டும் ஆகவில்லை.

"கொட்டகையில உக்காந்து என்னத்தப் பாக்கானுவ? என் மூஞ்சியையா?" என்று சுயம்புலிங்கம் நாயைப் பார்த்துக் கத்தினார். கொட்டகையில் கைதட்டினார்கள் என்று பிறகு யாரோ வந்து சொன்னார்கள். "நானோ என் மகளோ அந்த வாசலை மிதிச்சோம்னு கேட்டா என்னை மனுசன்னு சொல்லாதிய" என்றார். மகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நயினார் ஒரே ஒரு தடவை போனார். அவர் இல்லாத நேரத்தில் மில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் போனார். தான் கொட்டகையில் இருந்தால் தான் இல்லாத வீடு மட்டுமே தெரியும் என்பது அவருக்கு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. திரையில் அப்பா தனியாகச் சல்லடையைத் தட்டிச் சுத்தம் செய்தார். அது நயினாரின் வேலை. தட்டி முடித்து, வாசலுக்குப் போய், நெற்றிக்கு மேல் கையை வைத்துத் தெருவை ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். நாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் கொட்டகையும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கொட்டகை திரும்பி நயினாரைப் பார்த்தது.

"ஏல, உன்னத்தாம்ல தேடுதாரு!"

"போ தம்பி, போய் நில்லு அவரு முன்னால. வயசான மனுசன்."

"எங்கள எதுக்குடே பாக்க? அங்க பாரு, கண்ணு கலங்குதா இல்லையா?"

நயினாருக்கு முகமெல்லாம் எரிந்தது. "மழை வருதான்னு பாக்காரு, வெளிய நெல்லு காயுது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். வெளியில் நெல் எதுவும் காயவில்லை என்பது ஊருக்கே தெரியும், திரையில் வாசல் தெரிந்ததே. அப்பா தேடியது தன்னைத்தானா என்பது அவருக்கு இன்றைக்கும் தெரியாது. ஊர்க்காரர்கள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவரே அப்படி நினைத்திருப்பாரோ என்னமோ. அத்தனை பேர் சேர்ந்து அர்த்தம் சொன்ன பிறகு அந்தப் பார்வையில் அவருக்கென்று ஒன்றும் மிச்சம் இல்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு டீக்கடையில் உட்கார முடியவில்லை. "நேத்து நீ அப்படிச் சொல்லியிருக்கப்படாது தம்பி" என்பார் ஒருவர். இவர் எங்கே, எப்போது, என்ன சொன்னார் என்று யோசித்துப் பார்த்தால் அது மில்லில் நாயிடம் சொன்னதாக இருக்கும். பார்பர் கடையில் முகத்தில் சோப்பைப் பூசிக்கொண்டிருக்கும்போதே, அடுத்து அப்பா இப்படிக் கேட்டால் நீ இப்படிப் பதில் சொல்லு என்று வசனம் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லவேண்டும் என்று மனதில் இருந்த நல்ல வார்த்தை ஒன்றையும் இதனாலேயே அவர் சொல்லாமல் விட்டார். சொன்னால் கைதட்டுவார்கள் என்ற கோபம். புரட்டாசிக் கடைசியில் ஒரு காலையில் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நாயின் முன்னால் நின்றார்.

"வக்கீலே, நான் திருப்பூருக்குப் போறேன்னு சொல்லு."

சுயம்புலிங்கம் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "வக்கீலே, போறவனை இங்க யாரு கட்டி வச்சிருக்கான்னு கேளு."

நாய் அங்கும் இங்கும் பார்த்தது. காலை ஆட்டம் கிடையாது என்பதால் இந்த ஒரு காட்சியை யாரும் பார்க்கவில்லை. ஆவுடை மட்டும் அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். "அண்ணே, நேராச் சொல்லிட்டுப் போங்களேன்" என்றாள். அவர் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

ஐப்பசியில் பனியன் கம்பெனிக்கு போன் வந்தது. அவர் ஊர் போய்ச் சேரும்வரை அப்பாவின் உடலை எடுக்காமல் வைத்திருந்தார்கள். மில்லின் வாசலில் பந்தல் போட்டு, கொட்டகைப் பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அப்பாவின் மீசையில் இன்னும் மாவு இருந்தது, துடைத்தும் போகவில்லையாம். பாடைக்குக் கீழே வக்கீல் படுத்திருந்தது. யார் பேசினாலும் அவர் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. அன்று தொடங்கி டாக்கீஸில் எந்தப் படம் போட்டார்களோ அந்தப் படமே ஓடியது.

காரியம் முடிவதற்குள் ஊர் முழுக்க வந்து அவரிடம் சொல்லிவிட்டுப் போனது. ஒருவர் சொன்ன மாதிரி இன்னொருவர் சொல்லவில்லை. அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மிஷின் ஓரமாகச் சரிந்தார் என்றார் ஒருவர், காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார் என்றார் இன்னொருவர். கண்ணீர் வந்தது, வரவில்லை. சிரித்தார், சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு இடத்தில் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒன்று, "வக்கீலே, நயினாரக் கூப்பிடு." மற்றது, அதைக் கேட்டதும் நாய் எழுந்து ஓடியதும், மில் வாசல், தெருமுனை, குளத்தங்கரை என்று திரையில் தெரு பாய்ந்து வந்ததும், அதற்குப் பிறகு, "கரண்டு போச்சு." அத்தனை பேரும் இதே சொல்லில்தான் முடித்தார்கள். மிளகாய் மிஷின் எது, அரிசி மிஷின் எது என்பதில்கூட ஒன்றுபடாத ஊர் இது. கரண்டு போனதில் மட்டும் ஒரு குரலாக நின்றது.

எதிர்வீட்டுப் பேச்சிமுத்து மாமாவும் கரண்டு போச்சு என்றுதான் சொன்னார். அப்புறம் பெருமூச்சு விட்டு, "நாங்க ஓடி வந்து பாக்கும்போது மோட்டார் சும்மா ஓடிக்கிட்டுக் கிடக்கு மருமகனே. அரைக்க ஒண்ணும் இல்ல, அது பாட்டுக்குச் சுத்துது. நான்தான் போய் நிறுத்தினேன்" என்றார். மில்லுக்கும் கொட்டகைக்கும் ஒரே லைன். கரண்டு போயிருந்தால் மோட்டார் எப்படி ஓடும் என்று நயினார் கேட்கவில்லை. மாமா முகத்தைப் பார்த்தார். தான் சொன்ன இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது என்று அவருக்கே தெரியவில்லை. நயினார் லாசரிடம் போனார். லாசர் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "கரண்டு போச்சு தம்பி" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

ஆவுடை சொன்னது வேறு. அவள் கொட்டகைப் பக்கமே போனதில்லை. அன்றைக்கு அடுப்படியில் இருந்தாள், அப்பா கூப்பிடுவது கேட்டது, ஓடிப் போவதற்குள் முடிந்துவிட்டது. ஊர் சொல்வதை நயினார் தள்ளிவிட முடியும். மாதக்கணக்கில் அப்பாவுக்காகவும் மகனுக்காகவும் பதில் சொல்லிச் சொல்லி ருசி கண்ட ஊர், இதையும் கடைசியில் தானே எழுதிச் சேர்த்திருக்கும். ஆவுடை அப்படிச் செய்கிறவள் இல்லை. ஆகவே அவளுடைய வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் திருப்பூருக்குத் திரும்பினார். பஸ் பல்லடம் தாண்டும்போது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அடுப்படிக்கு எதுவும் கேட்காது என்பது அவருக்கு நினைவு வந்தது. மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிற ஆள் கத்தினாலே கேட்காது. அந்த மில்லில் பேச வேண்டுமென்றால் நாயின் காதோடு குனிந்துதான் பேச முடியும்.

அப்போது முதல் அவருக்கு நிம்மதி இல்லை. ஆவுடை அடுப்படியில்தான் இருந்தாள் என்றால் அவள் எதையும் கேட்டிருக்க முடியாது. அப்பா அவரைக் கூப்பிடவில்லை, தங்கையும் ஊரோடு சேர்ந்து அண்ணனுக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறாள். அப்பா கூப்பிட்டது நிஜம் என்றால், அது அவளுக்குக் கேட்டது நிஜம் என்றால், அவள் அடுப்படியில் இல்லை. இதற்கு மேல் அவர் யோசிக்கமாட்டார். தையல் மிஷின் சத்தத்தின் நடுவில் யோசனை அந்த இடத்துக்கு வந்ததும், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். அவருக்குக் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், ஆவுடையை அம்பாசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்தார்கள், வக்கீல் அவளோடு போய் அங்கேயே வயதாகிச் செத்தது. வருஷா வருஷம் அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் அவள் அதே கதையைச் சொன்னாள், வருஷா வருஷம் அவர் பாதி நம்பினார். பாதி நம்புவது என்பது பசிக்குப் பாதிச் சோறு போடுவது மாதிரி இருந்தது, அதைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கவும் முடியாது, வேண்டாம் என்று தள்ளவும் முடியாது.

மகள் தமயந்தியின் நிச்சயதார்த்தத்துக்கு ஆவுடை திருப்பூர் வந்திருந்தாள். மத்தியானம் கூடத்தில் நியூஸ்பேப்பரை விரித்து, அத்தையும் மருமகளும் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நயினார் நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி கடைக்குப் போயிருந்தாள்.

"அத்தை, தாத்தா படத்தைச் சொல்லுங்க. மாப்பிள்ளை வீட்டுல சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

"நம்பாட்டிப் போறாங்க. அவுக ஊருல கொட்டகை இருந்துச்சா முதல்ல?" ஆவுடை சிரித்தாள். பன்றிச் சண்டையைச் சொன்னாள், பால் பொங்கிய மருமகளைச் சொன்னாள், மூக்கைச் சிந்திய அதிகாரியைச் சொன்னாள். கடைசி நாளுக்கு வந்தாள். குரல் தாழ்ந்தது. "அப்பா சரிஞ்சு தரையில சாஞ்சிட்டாவ. அதுவரைக்கும் அவுக முகம் மேல இருந்துதான் வரும், அன்னைக்கித்தான் நேருக்கு நேரா இருந்துச்சு. எம்மா, எம்மாம் பெரிய முகம்! இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவரு வரைக்கும். மீசையில ஒவ்வொரு மயிரும் ஈர்க்குச்சி மொத்தத்துக்கு, அதுல மாவு ஒட்டிக்கிட்டு. எனக்கு மொகம் காட்டி ஒரு நாளும் பேசாத மனுசன். நேராப் பாத்து, வக்கீலே, நயினாரக் கூப்பிடுன்னாவ."

"அப்புறம்?"

"அப்புறம் நாய் ஓடிச்சு."

"எங்கே?"

"கரண்டு போச்சுடி" என்றாள் ஆவுடை. சொன்னவள் கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, உரித்த வெங்காயங்களில் இருந்து ஒன்றை எடுத்துத் திரும்ப உரிக்க ஆரம்பித்தாள்.

தமயந்திக்கு உள்ளே போன் அடித்தது. மாப்பிள்ளையாக இருக்கும், எழுந்து ஓடினாள், கதவு சாத்திக்கொண்டது.

நயினார் நாற்காலியிலிருந்து இறங்கித் தங்கைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் முழங்கால் வலிக்காரர், தரையில் உட்கார்ந்து வெகுகாலம் ஆகிறது. ஆவுடை அவரைப் பார்க்காமல், "ஏண்ணே கீழ உக்காருதிய, எந்திரிக்க முடியாதுல்லா" என்றாள். அவர் குளத்தங்கரை வரைக்கும் ஓடி வந்த நாயை நினைத்தார். கூப்பிடச் சொன்ன ஆள் திருப்பூரில். நாய்க்குத் திருப்பூர் தெரியாது. குளத்தங்கரை தாண்டினால் வலதுகைப் பக்கம் சுடுகாடு, இடதுகைப் பக்கம் கொட்டகை. ஏவி விட்டால் அது வீட்டு மனுஷ வாசனை பக்கத்தில் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போய் நிற்கும், அது பார்க்கிற முகமே திரையிலும் நிற்கும். ஒரு கொட்டகை நிறைய சனம், திரையில் ஒரு மனிதர் சாவதைப் பார்த்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, அதன் பிறகு ஒரு பெண்ணுக்காக வாழ்நாள் முழுவதும் கரண்டு போச்சு என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று நினைத்தார். முடியும் என்று தோன்றியது. அதற்காக அவர்களை அவரால் வெறுக்கவும் முடியவில்லை. கேட்டால் இவள் முகம் என்ன ஆகும் என்று தெரிந்தது. கேட்காவிட்டால் அப்பா தன்னைக் கூப்பிட்டாரா என்பது தெரியாமலே தானும் ஒருநாள் போய்விடுவோம் என்பதும் தெரிந்தது. இத்தனை வருஷம் அவர் தங்கையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாரா, தன்னையா என்பது அவருக்கே பிடிபடவில்லை.

அவள் கையில் இருந்த வெங்காயத்தை மெதுவாக வாங்கித் தட்டில் வைத்தார்.

"ஆவுடை, அன்னைக்கு வக்கீல் ஓடி வந்து யார் முன்னால நின்னுச்சு?"